இலகு ரயில் வந்த ஊர்களில் மக்கள் கூடிக் கற்றது என்ன? நம் கன்னியாகுமரி மாவட்ட ரயில் நிலைய ஊர்களுக்கு அதில் எது பொருந்தும்?

குழித்துறை வாசகர் எழுதியது:

அன்பர்களுக்கு வணக்கம்.

குழித்துறைக்கும் பள்ளியாடிக்கும் இடையே, தண்டவாளத்தை ஒட்டிய ஒரு சிற்றூரில் நாங்கள் பதினைந்து பேர் சேர்ந்து வாசகர் வட்டம் ஒன்றை நடத்தி வருகிறோம். மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் கூடுவோம். கதை, கவிதை, சில வேளைகளில் ஊர் வரலாறு என்று பேச்சு போகும். திருவனந்தபுரம்–கன்னியாகுமரி இரட்டைப் பாதைப் பணி தொடங்கியதிலிருந்து, எதை எடுத்துப் பேசினாலும் கடைசியில் ரயிலில்தான் வந்து நிற்கிறோம். 1979இல் இந்தப் பாதை திறக்கப்பட்டபோது தங்கள் தோட்டம் எப்படி இரண்டாகப் பிளந்தது என்று சொல்ல எங்கள் வட்டத்தில் இன்னும் இரண்டு பெரியவர்கள் இருக்கிறார்கள். ஆகவே இந்தப் பேச்சு எங்களுக்குப் புதிதல்ல. ஆனால் சென்ற மாதம் அது வேறு திசையில் திரும்பியது.

எங்கள் உறுப்பினர்களில் ஒருவர் நிலையத்துக்குச் செல்லும் சாலையில் வாடகை அறை எடுத்துத் தையல் கடை நடத்துகிறார். பாதைக்காக நிலம் கொடுப்பவர்களின் இழப்பீட்டைப் பற்றி எல்லோரும் பேசிக்கொண்டிருந்தபோது, "நிலம் போனவருக்குப் பணம் கிடைக்கும், நிலம் மிஞ்சியவருக்கு விலை ஏறும், என் போன்ற வாடகைக்காரருக்கு அறையைக் காலி செய்யச் சொல்லும் செய்திதான் வரும்" என்று அவர் சொன்னார். அதற்கு எங்களில் ஒருவராலும் விடை சொல்ல முடியவில்லை. முந்திரி ஆலைக்குப் போகும் பெண்கள், ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர்கள், நிலைய வாசலில் மீன் கூடையுடன் உட்காரும் அம்மாக்கள் ஆகியோரின் நிலையும் இதுதானே என்று பின்னர் தோன்றியது.

வெளிநாடுகளில், நகரச் சாலைகளிலும் ஓடும் இலகு ரயிலுக்குப் புதிய பாதைகள் வந்தபோது, அங்குள்ள குடியிருப்போரும் சிறு கடைக்காரர்களும் முன்கூட்டியே கூடி, பாதை தங்கள் வாழ்க்கையை எப்படி மாற்றும் என்பதைக் கற்று, அந்த அறிவைக் கொண்டு அரசுடன் பேசினார்கள் என்று படித்தேன். அமெரிக்காவின் மேரிலாந்தில் கட்டப்பட்டு வரும் பர்ப்பிள் லைனும், மினசோட்டாவில் 2014இல் திறக்கப்பட்ட கிரீன் லைனும் அவற்றுள் குறிப்பிடத்தக்கவை என்று தெரிகிறது. அவற்றின் அருகில் வாழ்ந்த நம் மாவட்டத்துக்காரர்கள் இந்தக் குழுவில் இருக்கிறீர்கள் என்று அறிவேன். அங்கே மக்கள் எதைக் கற்றார்கள், யாரிடம் கற்றார்கள், கற்றதனால் ஏதேனும் ஒன்றாவது மாறியதா என்பதை எழுத வேண்டுகிறேன். நம் நாட்டுச் சட்டம் தெரிந்தவர்கள், வாசகர் வட்டம் போன்ற ஒரு சிறு குழு எந்த இடத்தில் தொடங்கலாம் என்றும் சொன்னால் உதவியாக இருக்கும்.

நமக்கு வருவது இலகு ரயில் அல்ல, ஏற்கெனவே உள்ள பாதைக்கு இரண்டாவது தண்டவாளம்தான் என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் நிலையத்தைச் சுற்றியுள்ள கால் மைல் நிலத்தில் நடப்பது இரண்டு இடங்களிலும் ஒன்றுபோலவே இருக்கும் என்று நினைக்கிறேன். தவறு என்றால் திருத்துங்கள்.

---

கருங்கல் மகள் எழுதியது:

அண்ணன் கேட்ட பர்ப்பிள் லைன் வேலை நடக்கும் சாலையிலிருந்து பத்து நிமிட நடை தூரத்தில் நான் பல ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். என் கண்ணில் பட்டதையும், கூட்டங்களில் உட்கார்ந்து கற்றதையும் எழுதுகிறேன்.

பாதையின் நீளம் ஏறத்தாழ 26 கிலோமீட்டர், நிலையங்கள் 21. மேற்கே பெத்தெஸ்டாவில் தொடங்கிக் கிழக்கே நியூ கரோல்டனில் முடிகிறது. பெத்தெஸ்டா செல்வர்கள் வாழும் ஊர். நடுவில் உள்ள லாங்லி பார்க், மத்திய அமெரிக்க நாடுகளிலிருந்து வந்த தொழிலாளர் குடும்பங்கள் நெருக்கமாக வாழும் வாடகைக் குடியிருப்புப் பகுதி. நம்மவர்கள் புளியும் கறிவேப்பிலையும் வாங்கப் போகும் கடைகளும் அங்கேதான் இருந்தன என்பதால் எனக்கு அந்தப் பகுதி நன்றாகத் தெரியும். ஒரே தண்டவாளம் இந்த இரண்டு ஊர்களையும் இணைக்கும்போது, நிலவிலை எந்தப் பக்கம் வழியும் என்பதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

பாதைக்கு மண்வெட்டும் வேலை 2017இல் தொடங்கியது. ஆனால் அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, 2013இல், பர்ப்பிள் லைன் வழித்தடக் கூட்டமைப்பு என்ற ஒன்று உருவாகிவிட்டது. மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மையம் ஒன்று அதற்கு நடுநாயகமாக இருந்தது. இரண்டு கவுண்டி (நம் மாவட்டம் போன்றது) அரசுகள், வாடகைதாரர்களோடு வேலை செய்யும் அமைப்புகள், வீட்டுவசதி அமைப்புகள், சிறு வணிகர்களுக்கு உதவும் அமைப்புகள் எல்லாம் அதில் சேர்ந்தன. பாதை வேண்டுமா வேண்டாமா என்ற சண்டைக்குள் அந்தக் கூட்டமைப்பு போகவில்லை. பாதை வந்தால் இங்கே ஏற்கெனவே இருப்பவர்கள் இங்கேயே இருக்க என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் எடுத்துக்கொண்டது. அந்த வரையறைதான் அதைக் காப்பாற்றியது என்பது என் கருத்து. சண்டையிலும் சேர்ந்திருந்தால் பாதி உறுப்பினர்கள் முதல் ஆண்டிலேயே எழுந்து போயிருப்பார்கள்.

2017 நவம்பரில் இரண்டு கவுண்டிகளும் மற்றவர்களும் சேர்ந்து ஒரு சமூக வளர்ச்சி உடன்பாட்டில் கையெழுத்திட்டனர். வாடகை கட்டுப்படியாகும் வீடுகள், சிறு தொழில்கள், வேலைவாய்ப்பு, உயிர்ப்புள்ள ஊர்கள் என்று நான்கு நோக்கங்கள் அதில் உண்டு. இது பொது உறுதிமொழி வகையைச் சேர்ந்தது என்பதைக் கவனியுங்கள். பின்னர் 2019இல் வீட்டுவசதிச் செயல்திட்டம் வெளிவந்தது. ஆண்டு வருமானம் ஏறத்தாழ 70,000 டாலருக்கு உட்பட்ட குடும்பங்களுக்குக் கட்டுப்படியாகும் 17,000 வீடுகள் வழித்தடத்தில் எப்போதும் இருக்க வேண்டும் என்பது அதன் இலக்கு. இந்த எண்ணை வானத்திலிருந்து பறிக்கவில்லை. வழித்தடத்தில் எந்தக் குடியிருப்பில் என்ன வாடகை, எந்த வீட்டுக்கு அரசு உதவி உண்டு, அந்த உதவி எந்த ஆண்டில் முடிகிறது என்றெல்லாம் திரட்டிய பிறகுதான் இப்படி ஓர் இலக்கை வைக்க முடியும். எண் கையில் வந்த பின், அடுத்து வரும் அதிகாரியிடம் "எங்களை மறந்துவிடாதீர்கள்" என்று கெஞ்ச வேண்டியதில்லை, "17,000இல் இந்த ஆண்டு எத்தனை?" என்று கேட்கலாம். நான் கற்ற பாடங்களில் இதைத்தான் முதலில் வைப்பேன்.

இனி, சரியாக நடக்காததையும் சொல்ல வேண்டும். பாதை 2022இல் திறக்கப்படும் என்றார்கள். 2020இல் கட்டுமான ஒப்பந்தக்காரருக்கும் மாநிலத்துக்கும் செலவு, தாமதம் குறித்த தகராறு முற்றி, ஒப்பந்தக்காரர் வேலையை விட்டுப் போனார். புதியவர் வந்து முழுவீச்சில் தொடங்க 2022 ஆகிவிட்டது. இப்போது 2027 கடைசியில் ஓடும் என்கிறார்கள். தோண்டிப் போட்ட சாலையின் ஓரத்தில் இருந்த கடைகள் ஐந்து ஆண்டுத் தொல்லைக்குத் தயாராகியிருந்தால், அவர்களுக்குப் பத்து ஆண்டுத் தொல்லை வந்து சேர்ந்தது. நான் முடி திருத்தும் கடைக்கு மகனை அழைத்துப் போகும் வழியில் தடுப்புகளைச் சுற்றிப் போக வேண்டியிருந்தது. நாளடைவில் நானே வேறு கடைக்கு மாறிவிட்டேன். அந்தக் கடைக்காரரைப் பற்றிக் கூட்டத்தில் பேசுகிறவளும் நான்தான், அவரிடம் போகாமல் விட்டவளும் நான்தான். அது என்னை இன்னும் உறுத்துகிறது. வேலை நடக்கும் காலத்துக்கான உதவியைக் கேட்கும்போது, சொல்லப்பட்ட கால அளவை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

இன்னொன்று. லிட்டன்ஸ்வில் என்ற பழைய கறுப்பினக் குடியிருப்பும் இந்தப் பாதையில் இருக்கிறது. பக்கத்தில் இருந்த வெள்ளையர் குடியிருப்பையும் அதையும் இணைத்தது, 1918இல் தண்டவாளத்தின் மேல் அமைந்த டால்பட் அவென்யூ பாலம். புதிய பாதைக்காக அதை அகற்ற வேண்டும் என்று முடிவானபோது, இரு பக்கத்து மக்களும் சேர்ந்து 2018இல் அதற்கு நூற்றாண்டு விழா எடுத்தார்கள். தங்கள் பெற்றோர் காலத்தில் அந்தப் பாலத்தைத் தாண்டுவது என்றால் என்ன என்பதை ஒருவருக்கொருவர் சொல்லிக் கேட்டார்கள். அடுத்த ஆண்டு பாலம் அகற்றப்பட்டது. விழா பாலத்தைக் காப்பாற்றவில்லை. ஆனால் அதுவரை ஒரே கூட்டத்தில் உட்காராதவர்கள் அதற்குப் பின் உட்கார்ந்தார்கள். உங்கள் வட்டத்தில் 1979 நினைவுள்ள இரண்டு பெரியவர்கள் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், அண்ணே. அவர்களிலிருந்து தொடங்கலாமே.

---

ஓய்வுபெற்ற நில அளவர் எழுதியது:

தம்பி கேட்டது நல்ல கேள்வி. வெளிநாட்டுச் செய்தியை அம்மை எழுதிவிட்டார்கள். நம் சட்டம் எந்த இடத்தில் மக்களுக்கு வாய் கொடுக்கிறது, எந்த இடத்தில் கொடுக்கவில்லை என்பதை, முப்பது ஆண்டுகள் சங்கிலியும் புல வரைபடமுமாகத் திரிந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

2013ஆம் ஆண்டின் நிலம் எடுப்புச் சட்டம் 2014 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதில் சமூகத் தாக்க மதிப்பீடு, பொது விசாரணை என்று இரண்டு நல்ல வாயில்கள் உண்டு. ஒரு திட்டம் ஊரை என்ன செய்யும் என்பதை ஊராரோடு சேர்ந்து கற்பதற்குச் சட்டமே ஒதுக்கிய இடம் என்று அவற்றைச் சொல்லலாம். ஆனால் அந்தச் சட்டத்தின் நான்காவது அட்டவணையில் 13 சட்டங்கள் தனியே வைக்கப்பட்டிருக்கின்றன. 1989ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம், 1956ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைகள் சட்டம், 1978ஆம் ஆண்டின் மெட்ரோ ரயில்வே சட்டம், பழைய டிராம்வே சட்டம் கூட அவற்றுள் அடங்கும். இந்தச் சட்டங்களின்படி நிலம் எடுத்தால், 2015இல் வந்த ஆணைப்படி இழப்பீடும் மறுவாழ்வு உதவியும் புதிய சட்டத்தின் அளவிலேயே தர வேண்டும். சமூகத் தாக்க மதிப்பீடு மட்டும் கட்டாயமில்லை. அதாவது பணம் வரும், கலந்து பேசுதல் வராது. ஆகவே ரயிலோ மெட்ரோவோ நெடுஞ்சாலையோ வரும் ஊரில், அந்த மதிப்பீட்டை மக்களே தங்களுக்குள் செய்துகொண்டால்தான் உண்டு. உங்கள் வாசகர் வட்டத்துக்கு உரிய வேலை இதுதான் என்று நினைக்கிறேன்.

ரயில்வே சட்டத்தில் நிலம் எடுக்கும் நோக்கம் 20ஏ பிரிவின் கீழ் அறிவிக்கப்படும். அந்த அறிவிப்பு வெளியான 30 நாட்களுக்குள் 20டி பிரிவின் கீழ் ஆட்சேபம் எழுதித் தரலாம். நெடுஞ்சாலைக்கு இந்தக் காலம் 21 நாட்கள்தான். முப்பது நாள் என்பது நம் ஊரில் ஒரு கல்யாண வீட்டுக்கு அழைப்பு வைத்து முடிக்கவே போதாது. அறிவிப்பு வந்த பிறகு பத்திரத்தைத் தேடத் தொடங்குகிறவர், தேடி முடிப்பதற்குள் நாள் கடந்துவிடும். அதனால் கற்றல் முதலில் நடக்க வேண்டும் என்கிறேன்.

விளவங்கோடு, கல்குளம் பகுதிகளில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1956 நவம்பர் முதல் நாள் வரை நாம் திருவிதாங்கூர்–கொச்சியில் இருந்தோம். குடும்பப் பெட்டியில் கிடக்கும் மூலப் பத்திரங்களில் பல மலையாளத்தில் இருக்கும். அவற்றைப் படிக்கத் தெரிந்த தலைமுறை குறைந்துவிட்டது. நான்கு தலைமுறையாகப் பாகம் பிரித்து, பட்டா மட்டும் தாத்தா பெயரிலேயே நிற்கும் வீடுகள் ஏராளம். ஐந்து சென்ட் நிலத்துக்கு ஏழு உரிமையாளர், அவர்களில் மூவர் வளைகுடாவில். எடுப்பு அலுவலர் முன் இவர்கள் ஏழு பேரும் ஒரே குரலில் பேசாவிட்டால், பணம் எங்கேயாவது வைப்பில் போய்க் கிடக்கும்.

விலை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இதைக் கேட்டால் கூட்டம் தானே சேரும். சந்தை மதிப்பைக் கணக்கிடும்போது, வழிகாட்டி மதிப்பையும், அந்தப் பகுதியில் முந்தைய மூன்று ஆண்டுகளில் பதிவான விற்பனைப் பத்திரங்களில் அதிக விலை காட்டிய பாதியின் சராசரியையும் ஒப்பிட்டு, கூடுதலாக உள்ளதை எடுப்பார்கள். நாம் முத்திரைத் தீர்வையை மிச்சம் பிடிக்கப் பத்திரத்தில் விலையைக் குறைத்து எழுதிக்கொண்டே வந்திருக்கிறோம். அந்தக் குறைத்த விலை திரும்பி வந்து நம் பக்கத்து வீட்டுக்காரரின் இழப்பீட்டைக் குறைக்கும். ஒருவர் செய்த மிச்சத்துக்கு மற்றவர் ஈடு கொடுக்கும் இந்தக் கணக்கைத் தனியாக யாரும் திருத்த முடியாது. ஊர் சேர்ந்து கற்றால்தான் முடியும்.

தையல் கடைக்காரர் விஷயத்துக்கு வருகிறேன். "பாதிக்கப்பட்ட குடும்பம்" என்பதற்கு 2013 சட்டம் தரும் விளக்கத்தில் நிலம் இல்லாதவர்களும் அடங்குவார்கள். எடுக்கப்படும் பகுதியில் அதற்கு முன் மூன்று ஆண்டுகள் குத்தகைக்காரராகவோ கைவினைஞராகவோ தொழிலாளியாகவோ இருந்து, பிழைப்பின் முதன்மை ஆதாரத்தை இழப்பவர் அதில் வருவார். சிறுவணிகருக்கும் கைவினைஞருக்கும் 25,000 ரூபாய்க்குக் குறையாத ஒருமுறை உதவி இரண்டாவது அட்டவணையில் சொல்லப்பட்டிருக்கிறது. தொகை சிறிதுதான். ஆனால் அதைக் கேட்கவும், மூன்று ஆண்டுகளாக அங்கே தொழில் செய்ததற்குச் சான்று வேண்டும். வாடகை ரசீது, மின் கட்டண அட்டை, உள்ளாட்சித் தொழில் உரிமம் என்று ஏதேனும் ஒன்று. இன்றே ஒரு நோட்டுப் புத்தகத்தில் நிலையச் சாலையின் கடைகளை எழுதத் தொடங்குங்கள்: எந்த ஆண்டு முதல், என்ன தொழில், எத்தனை பேர் வேலை, என்ன ஆவணம் இருக்கிறது. அம்மை சொன்ன 17,000 வீட்டுக் கணக்குக்கு நம் ஊர் வடிவம் அந்த நோட்டுப் புத்தகம்தான்.

---

மார்த்தாண்டம் கடைக்காரி எழுதியது:

ஐயாவின் விளக்கத்துக்கு நன்றி. ஆனால் ஒரு குறையைச் சொல்லாமல் விட முடியவில்லை.

மேம்பால வேலை நடந்த ஆண்டுகளில் நான் மார்த்தாண்டத்தில் வாடகைக் கடையில் பாத்திரம் விற்றேன். என் கடை அறையில் ஓர் அங்குலத்தையும் யாரும் எடுக்கவில்லை. ஆகவே எந்தச் சட்டத்தின்படியும் நான் பாதிக்கப்பட்டவள் அல்ல. தூசியும் தடுப்பும் சேர்ந்து வியாபாரத்தைப் பாதியாக்கின. வாடகை மட்டும் மாதம் தவறாமல் போனது. வேலை முடிந்து சாலை ஓரளவு சீரானதும், கட்டட உரிமையாளர் முன்பணத்தையும் வாடகையையும் ஏற்றினார். தொல்லையைச் சுமந்தது நான், விடிவைக் கண்டது அவர். உங்கள் நோட்டுப் புத்தகத்தில் என் பெயர் இருந்திருந்தாலும் எனக்கு என்ன கிடைத்திருக்கும்?

இன்னொன்று, பல்கலைக்கழகம் நடத்திய கூட்டமைப்பைப் பற்றி அக்கா எழுதியதை மதிப்புடன் படித்தேன். இங்கே கூட்டம் போட்டால் யார் வருவார்கள்? நிலம் உள்ளவர்கள் முன்வரிசையில் உட்காருவார்கள். முந்திரி ஆலைப் பெண் மாலை ஆறு மணிக்கு வீடு திரும்பி, தண்ணீர் பிடித்து, அடுப்பு பற்ற வைக்கும் நேரத்தில் நீங்கள் கூட்டம் போடுகிறீர்கள். கூடிக் கற்றல் என்று பெயர் வைத்தாலும் கற்றவர்களே மறுபடி கூடுவார்கள்.

---

ஓய்வுபெற்ற நில அளவர் எழுதியது:

அம்மை சொல்வது சரி. எடுக்கப்படாத இடத்தில் ஏறும் வாடகைக்கு நிலம் எடுப்புச் சட்டத்தில் மருந்து இல்லை. அதற்குப் பார்க்க வேண்டியது வேறு சட்டம். 2017ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. வணிக இடங்களும் அதில் அடங்கும், பேரூராட்சிப் பகுதிகளும் அடங்கும். எழுத்து ஒப்பந்தம் போட்டு வாடகை அதிகார அமைப்பிடம் பதிவு செய்துகொண்டால், ஒப்பந்த காலத்துக்குள் உரிமையாளர் நினைத்தபடி வாடகையை ஏற்ற முடியாது. வாய்ப் பேச்சில் ஓடும் வாடகைக்கு அந்தக் காப்பு இல்லை. நீண்ட கால ஒப்பந்தத்தைப் பாதை வேலை தொடங்கும் முன்பே, விலை ஏறாத நேரத்தில் போட்டுக்கொள்ள வேண்டும். பத்துக் கடைக்காரர்கள் சேர்ந்து கேட்டால் உரிமையாளர்கள் மறுப்பது கடினம். ஒருவர் கேட்டால் அறையைக் காலி செய்யச் சொல்வார்கள்.

நிலைய வாசலில் மீன் விற்கும் அம்மாக்களைப் பற்றியும் ஒரு வரி. 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டத்தின்படி, நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளே இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். ஆனால் ரயில்வேக்குச் சொந்தமான நிலத்துக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று முதல் பிரிவிலேயே எழுதியிருக்கிறது. ஆகவே கூடை ரயில்வே எல்லைக்கு உள்ளே இருக்கிறதா, பேரூராட்சிச் சாலையில் இருக்கிறதா என்பதில்தான் அவர்களின் உரிமை முழுவதும் தங்கியிருக்கிறது. எல்லை எங்கே என்று காட்ட ஒரு நில அளவர் அரை நாள் வந்தால் போதும்.

---

தக்கலைக்காரன் எழுதியது:

நான் 2009 முதல் சில ஆண்டுகள் மினசோட்டாவின் செயின்ட் பாலில் வேலை பார்த்தேன். கிரீன் லைன் என் கண்முன் வந்தது. மார்த்தாண்டம் அக்கா கேட்ட கேள்விக்கு, அதாவது கற்றதனால் யாருக்கு என்ன கிடைத்தது என்பதற்கு, அங்கிருந்து ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறேன்.

அந்தப் பாதை ஏறத்தாழ 18 கிலோமீட்டர், மினியாபோலிஸ் நகர மையத்தையும் செயின்ட் பால் நகர மையத்தையும் இணைக்கிறது. பெரும்பகுதி யுனிவர்சிட்டி அவென்யூ என்ற சாலையின் நடுவே ஓடுகிறது. சாலையின் கிழக்குப் பகுதியில் கறுப்பின மக்களும், வியட்நாம், லாவோஸ், கம்போடியா நாடுகளிலிருந்து வந்தவர்களும் வாழ்கிறார்கள். அருகிலிருந்த ராண்டோ என்ற கறுப்பினக் குடியிருப்பு, 1950களிலும் 60களிலும் நெடுஞ்சாலைக்காக இடித்துப் பிளக்கப்பட்ட ஊர். அந்த நினைவு அங்கே ஒவ்வொரு கூட்டத்திலும் பேசப்பட்டது.

முதல் வரைபடத்தில், மற்றப் பகுதிகளில் அரை மைலுக்கு ஒரு நிலையம் என்று இருக்க, ஏழை மக்கள் வாழும் இந்தக் கிழக்குப் பகுதியில் ஒரு மைலுக்கு ஒன்று என்று வைத்திருந்தார்கள். ஹேம்லின், விக்டோரியா, வெஸ்டர்ன் என்ற மூன்று சந்திப்புகளில் நிலையம் இல்லை. பாரபட்சத்தோடு யாரோ நீக்கியதாக முதலில் எல்லோரும் நினைத்தார்கள். கூடிப் படித்தபோதுதான் தெரிந்தது, மத்திய அரசின் பண உதவிக்கு ஒரு செலவு–பயன் கணக்கு இருக்கிறது, அதன் வரம்பைத் தாண்டாமல் இருக்க நிலையங்களை விட்டிருக்கிறார்கள் என்பது. சாதாரணக் குடியிருப்போர் அந்தச் சூத்திரத்தைக் கற்றார்கள். அந்தக் கணக்கு பயணிக்கு மிச்சமாகும் நேரத்தை எண்ணுகிறது, ஓடிக்கொண்டிருக்கும் பேருந்தை இழந்து ஒரு மைல் பனியில் நடக்கப்போகும் முதியவரை எண்ணவில்லை என்று வாதிட்டார்கள். "எங்களுக்கும் நிறுத்தம்" என்ற பொருளில் ஒரு கூட்டணி உருவானது. 2010 ஜனவரியில் மத்திய அரசு அந்த விதியின் பிடியைத் தளர்த்தியது. மூன்று நிலையங்களும் கட்டப்பட்டன. 2014 ஜூன் 14 அன்று பாதை திறக்கப்பட்டபோது, அந்த மூன்றிலும் ரயில் நின்றது.

கடைகளுக்கும் ஓர் ஏற்பாடு இருந்தது. வேலை நடக்கும் காலத்தில் விற்பனை குறைந்த சிறு கடைகளுக்கு 20,000 டாலர் வரை கடன் தந்து, தொடர்ந்து அங்கேயே தொழில் செய்தால் அதைத் தள்ளுபடி செய்தார்கள். அக்காவுக்கு மேம்பாலக் காலத்தில் தேவைப்பட்டது இப்படியொரு உதவிதான். அது போதவில்லை என்று குறைப்பட்டவர்களும், கடையை மூடியவர்களும் உண்டு. சாலையோர வாகன நிறுத்துமிடங்களில் பெரும்பகுதி பாதைக்காகப் போய்விட்டது, அதற்கு எந்தக் கடனும் ஈடாகவில்லை.

நமக்கு இது எப்படிப் பொருந்தும் என்றால், நம் பாதையிலும் பெரிய நிலையங்களுக்கு நடுவே குழித்துறை மேற்கு, பள்ளியாடி, வீராணி ஆளூர் போன்ற சிறு நிலையங்கள் இருக்கின்றன. எந்த ரயில் எங்கே நிற்க வேண்டும் என்று முடிவு செய்யும்போது ரயில்வே பெரிதும் பார்ப்பது பயணச்சீட்டு வருவாயை. திருவனந்தபுரத்துக்குக் கட்டட வேலைக்கும் மருத்துவமனைக்கும் தினமும் போகிறவர் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேர் பக்கத்து ஊரில் நிற்காத ரயிலுக்காகப் பேருந்தில் குழித்துறைக்கோ இரணியலுக்கோ போய் ஏறுகிறார்கள் என்பதை அந்த வருவாய்க் கணக்கு காட்டாது. சிறு நிலையத்துப் பயணி பெரிய நிலையத்தின் கணக்கில் ஏறிவிடுகிறார். இந்த எண்ணை உங்கள் வட்டம் ஒரு வாரம் காலையில் நின்று எண்ணினாலே கிடைக்கும். இரண்டாவது தண்டவாளம் வந்து புதிய கால அட்டவணை போடும் நேரத்தில் அந்தத் தாள் கையில் இருக்க வேண்டும்.

கூட்ட நேரத்தைப் பற்றி அக்கா சொன்னதற்கு: அங்கே கூட்டத்துக்கு மக்களை அழைப்பதோடு நிற்காமல், மக்கள் ஏற்கெனவே கூடும் இடங்களுக்குப் போனார்கள். தேவாலயம், உணவகம், சலவைக் கடை. நம் ஊரில் அதற்குச் சங்கத்துக் கூட்டமும், ஆலயத்து அன்பியமும் (அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் குழு), ஊர்க் கோவில் முற்றமும், முந்திரி ஆலையின் மதிய இடைவேளையும் இருக்கின்றன.

---

கருங்கல் மகள் எழுதியது:

தக்கலைத் தம்பி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். எங்கள் பகுதியில் கூட்டங்களுக்கு ஸ்பானிய மொழிபெயர்ப்பு இருந்தது. நம் பக்கம் மொழி ஒன்றுதான் என்று நினைக்க வேண்டாம். "ஆர்ஜிதம்", "ஆட்சேபணை", "உட்பிரிவு" என்று அறிவிப்பில் வரும் தமிழும் எங்கள் அம்மாவுக்கு அயல்மொழிதான். அந்தச் சொற்களுக்கு ஊர்ப் பேச்சில் விளக்கம் எழுதி ஒரு பக்கத் தாளாகத் தந்தாலே ஒரு கூட்டத்தின் வேலை முடியும்.

---

குழித்துறை வாசகர் எழுதியது:

எழுதிய அனைவருக்கும் நன்றி. மார்த்தாண்டம் அக்காவின் கேள்வி எங்களைச் சற்றே வெட்கப்பட வைத்தது. எங்கள் பதினைந்து பேரில் பதினொருவர் சொந்த நிலம் உள்ளவர்கள் என்பதை இதற்கு முன் நாங்கள் எண்ணிப் பார்த்ததில்லை. ஞாயிறு மாலைக் கூட்டம் எங்களுக்கு வசதியானதால்தான் ஞாயிறு மாலையில் நடந்து வந்திருக்கிறது.

ஆகவே அடுத்த கூட்டத்தை வாசகசாலையில் வைக்காமல், தையல் கடை வாசலில், அதுவும் கடைகள் ஓய்வாக இருக்கும் செவ்வாய் மதியம் வைப்பதென்று முடிவு செய்திருக்கிறோம். முதல் அரை மணி நேரம் 1979ஐப் பற்றிப் பெரியவர்கள் இருவரும் பேசுவார்கள். பிறகு நிலையச் சாலைக் கடைகளின் நோட்டுப் புத்தகத்தைத் தொடங்குவோம். முதல் பக்கம் தையல் கடைக்கு. பயணிகளை எண்ணும் வேலையைக் கல்லூரிக்கு ரயிலில் போகும் நான்கு பிள்ளைகள் ஏற்றிருக்கிறார்கள். மீன் விற்கும் அம்மாக்களிடம் பேச எங்களில் இரண்டு பெண்கள் காலை ரயில் நேரத்தில் போவார்கள்.

நில அளவர் ஐயாவிடம் ஒரு வேண்டுகோள். ரயில்வே எல்லையைக் காட்ட அரை நாள் வர இயலுமா? வாகனத்துக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் ஏற்பாடு செய்வோம். மலையாள மூலப் பத்திரம் படிக்கத் தெரிந்தவர் யாரேனும் விளவங்கோடு வட்டத்தில் இருந்தால், அவரும் தயவுசெய்து இங்கே ஒரு வரி எழுதுங்கள். இதுவரை ஒன்பது வீட்டுப் பெட்டிகளிலிருந்து பத்திரங்கள் வெளியே வந்திருக்கின்றன.